செவ்வாயின் அடுக்குப் பாறைகள் எப்படி உருவாயின? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாயில் அடுக்கடுக்கான பாறையைப் படமெடுத்தார்கள் என்று செய்தி வந்தால் போதும், அடுத்த வரியிலேயே "அங்கே தண்ணீர் ஓடியது" என்று எழுதிவிடுகிறோம். பல சமயம் அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் அந்த அவசரத்தில் பாறை சொல்லும் கதையில் பாதிக்கு மேல் கைநழுவிப் போகிறது. ஒவ்வோர் அடுக்கையும் தனியாக நிறுத்தி, "உன்னைக் கொண்டுவந்து போட்டது யார்?" என்று கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. கீழே உள்ள கேள்விகள் வாசகர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை.

செவ்வாயில் அடுக்குப் பாறைகள் இருப்பது எப்போது தெரியவந்தது?

1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மரைனர் 9 விண்கலத்தின் படங்களிலேயே துருவப் பகுதிகளில் அடுக்குகள் தெரிந்தன. வேலஸ் மரினரிஸ் பெரும்பள்ளத்தாக்கின் உள்ளே இருக்கும் மேடுகளிலும் வரிவரியான அமைப்பு இருப்பதை அடுத்து வந்த வைக்கிங் விண்கலங்கள் காட்டின. ஆனால் அந்தப் படங்களில் ஒரு புள்ளி என்பது பல பத்து மீட்டர் நிலம். அதை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது.

திருப்பம் 2000 டிசம்பரில் வந்தது. மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தின் கேமராவை உருவாக்கிய மைக்கேல் மாலினும் அவருடைய சகா கென்னத் எட்ஜெட்டும் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய கேமரா ஒன்றரை மீட்டர் அளவுவரை பிரித்துக் காட்டக்கூடியது. விண்கல் மோதிய பள்ளங்களுக்குள்ளும் பள்ளத்தாக்குகளுக்குள்ளும், நூற்றுக்கணக்கான அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சீராகக் கிடப்பதை அதில் காட்டினார்கள். இவை பழைய செவ்வாயின் படிவுப் பாறைகள் என்பது அவர்கள் வாதம். 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டரின் ஹைரைஸ் கேமரா ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை பார்க்கிறது. அதன் பிறகு அடுக்குகள் இருக்கின்றனவா என்ற கேள்வி தீர்ந்துபோனது. யார் அடுக்கியது என்ற கேள்வி அங்கேதான் தொடங்கியது.

அடுக்கு இருந்தால் தண்ணீர் இருந்தது என்றுதானே பொருள்?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தயங்காமல் பதில் சொல்லலாம்.

ஒரு பொருள் விட்டுவிட்டு வந்து படியுமானால், அல்லது ஒவ்வொரு முறையும் சற்று வேறுபட்ட பொருளாக வந்து படியுமானால், அடுக்கு உருவாகிவிடும். ஆறு கொண்டுவரும் மணலும் வண்டலும் அடுக்காகும். ஏரியின் அடியில் மெல்ல இறங்கும் சேறு அடுக்காகும். நகரும் மணற்குன்றுகள் அடுக்காகும். வானத்திலிருந்து விழும் எரிமலைச் சாம்பல் அடுக்காகும். பெரிய விண்கல் மோதும்போது தரையோடு தரையாகச் சீறிப் பாயும் தூசிப் புயலும் அடுக்கை விட்டுச் செல்லும். புழுதியும் பனியும் மாறிமாறிப் படிந்தாலும் அடுக்குதான். எரிமலைக் குழம்பு பல தவணைகளில் வழிந்து உறைந்தாலும், தூரத்திலிருந்து பார்க்கும்போது அதுவும் அடுக்குத்தான்.

செவ்வாயில் இவை அனைத்தும் நடந்திருக்கின்றன. எரிமலைகள் மிகப் பெரியவை. காற்று இன்றும் மணலை நகர்த்துகிறது. விண்கற்கள் ஏராளமாக மோதியிருக்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிப் பரந்து கிடக்கும் மெடூசே ஃபோசே என்னும் மென்மையான படிவு பெரும்பாலும் எரிமலைச் சாம்பலால் ஆனது என்பது பலருடைய கணிப்பு. சுற்றுப்பாதையிலிருந்து பார்த்தால் அதிலும் அழகான அடுக்குகள் தெரிகின்றன. ஏரிப் படிவையும் சாம்பல் படிவையும் முந்நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கண்ணால் மட்டும் பிரித்துவிட முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் எதை வைத்துப் பிரித்தறிகிறார்கள்?

முதலில் பார்ப்பது துகளின் அளவை. காற்றால் தூசியை எங்கும் கொண்டுசெல்ல முடியும். மணலைத் தள்ளித் தள்ளி நகர்த்த முடியும். ஆனால் கூழாங்கல்லைத் தூக்க முடியாது. இன்றைய செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அன்று சற்று அடர்த்தியாக இருந்திருந்தாலும் கூழாங்கல்லை உருட்டிக்கொண்டு போகப் போதாது. அதனால்தான் நாசாவின் ஊர்ந்து திரியும் ஆய்வு வாகனமான க்யூரியாசிட்டி ரோவர், தான் தரையிறங்கிய இடத்துக்கு அருகே 2012 செப்டம்பரில் கண்ட ஒரு பாறைத் துண்டு அத்தனை முக்கியமானது. உடைந்த நடைபாதைக் கான்கிரீட் போலக் கிடந்த அதற்கு ஹோட்டா என்று பெயரிட்டார்கள். அதற்குள் உருண்டையான கூழாங்கற்கள் மணலோடு இறுகிக் கிடந்தன. கூர்மை மழுங்கும் அளவுக்கு அவை நெடுந்தூரம் உருண்டு வந்திருக்க வேண்டும். அவற்றின் அளவை வைத்து ஓடையின் ஆழத்தைக் கணக்கிட்டார்கள்: கணுக்கால் அளவிலிருந்து இடுப்பளவு வரை. நீரின் வேகம் ஏறத்தாழ மனிதர் நடக்கும் வேகம்.

அடுத்தது துகள்கள் எவ்வளவு சீராக இருக்கின்றன என்பது. முறத்தில் புடைக்கும்போது உமி தனியாகவும் மணி தனியாகவும் பிரிவதுபோல, காற்று மணலைப் புடைத்துப் பிரித்துவிடும். நுண்தூசி பறந்து போய்விட, ஏறக்குறைய ஒரே அளவான உருண்டை மணிகள் குன்றில் மிஞ்சும். வெள்ளம் அப்படிப் பொறுமையாகப் பிரிப்பதில்லை. அது அடித்துவந்த பெரியதும் சிறியதும் கலந்தே கிடக்கும். க்யூரியாசிட்டியின் கை நுனியில் இருக்கும் உருப்பெருக்கிக் கேமரா மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்களைக் காட்டும். அந்தக் கேமராவும் துகள்களைப் பிரித்துக் காட்ட முடியாத அளவுக்கு நைசாக இருந்தால், அது சேற்றுப்பாறை என்று முடிவு செய்கிறார்கள்.

மூன்றாவது, அடுக்குக்குள் இருக்கும் சாய்வு. மணற்குன்று நகரும்போது காற்றுக்கு மறைவான சரிவில் மணல் சரிந்து சரிந்து விழுகிறது. குன்று கடந்து போனபின் அந்தச் சரிவுகள் சாய்ந்த கோடுகளாகப் பாறையில் தங்கிவிடுகின்றன. மீட்டர் கணக்கில் உயரமான சாய்கோடுகள் இருந்தால் குன்று பெரியது. பெரும்பாலும் காற்றின் வேலை. சில சென்டிமீட்டர் மட்டுமே உயரமுள்ள, வளைந்து ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் இருந்தால் ஓடும் நீரில் உண்டான மணல் நெளிவுகள் என்று சந்தேகிக்கலாம்.

நெளிவுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே திசையில் ஓடும் நீரோ காற்றோ உண்டாக்கும் நெளிவின் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். அலை அடிக்கும் ஆழமற்ற நீரில் நீர் முன்னும் பின்னும் ஆடுவதால், இரண்டு பக்கமும் ஒரே சாய்வாக இருக்கும். 2022இல் க்யூரியாசிட்டி, தான் இறங்கிய கேல் பள்ளத்தின் நடுவே உள்ள ஷார்ப் மலையில், சல்பேட் உப்புகள் மிகுந்த பகுதியில் இத்தகைய சமச்சீர் நெளிவுகளைக் கண்டது. இன்னோர் இடத்தில் கண்ட நெளிவுகளோடு சேர்த்து அவற்றை அளந்தபோது, உயரம் சுமார் 6 மில்லிமீட்டர், இரண்டு முகடுகளுக்கு இடையே 4 முதல் 5 சென்டிமீட்டர். அவ்வளவு சிறிய அலைத்தடம் உண்டாக நீர் 2 மீட்டர் ஆழத்துக்குள்தான் இருந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், மேற்பரப்பு பனிக்கட்டியால் மூடப்படாமல் இருந்திருக்க வேண்டும். காற்று நீரைத் தொடாமல் அலை எழும்பாது. கைவிரல் தடிமன்கூட இல்லாத அந்த நெளிவுகள், சுமார் 370 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வானிலையைப் பற்றி இப்படிச் சாட்சி சொல்கின்றன. செவ்வாய் ஆய்வில் என்னை மிகவும் நெகிழ வைத்த கண்டுபிடிப்பு இதுதான்.

சேற்று வெடிப்புகள் பற்றியும் சொல்கிறார்களே, அவை எதைக் காட்டுகின்றன?

சேறு காயும்போது சுருங்கி வெடிக்கிறது. ஆகவே வெடிப்புத் தெரிந்தால் அங்கே நீர் இருந்தது, பிறகு வற்றியது என்று இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. க்யூரியாசிட்டி 2016 இறுதியில் ஓல்டு சோக்கர் என்ற பலகைக்கல்லில் முதன்முதலாக அத்தகைய தெளிவான வெடிப்புக் கட்டங்களைக் கண்டது.

2021இல் போந்தூர் என்று பெயரிட்ட இடத்தில் கண்டவை இன்னும் நுட்பமானவை. வெடிப்புகள் சந்திக்கும் மூலையைக் கவனியுங்கள். சேறு முதல் முறை காயும்போது ஒரு வெடிப்பு மற்றொன்றைச் செங்கோணத்தில் முட்டி நிற்கும். அதே சேறு மீண்டும் நனைந்து மீண்டும் காய்ந்தால், அந்த மூலைகள் மெல்ல விரிந்து மூன்று கோடுகள் சம கோணத்தில் சந்திக்கும் வடிவத்துக்கு வந்துவிடும். கட்டங்கள் தேன்கூட்டின் அறுகோணமாகத் தோன்றும். போந்தூரில் இருந்தவை இந்த இரண்டாவது வகை, சில சென்டிமீட்டர் அகலம் கொண்டவை. ஒரு முறை வந்து போன வெள்ளத்தால் இது ஆகாது. நனைவதும் காய்வதும் நெடுங்காலம் மாறிமாறி நடந்திருக்க வேண்டும். இந்த ஆய்வு 2023 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளியானது.

மெரிடியானியில் ஆப்பர்ச்சூனிட்டி கண்டதைப் பற்றி ஏன் அவ்வளவு சர்ச்சை?

2004 ஜனவரியில் மெரிடியானி சமவெளியில் இறங்கிய ஆப்பர்ச்சூனிட்டி ரோவர், சுமார் 22 மீட்டர் அகலமுள்ள ஈகிள் என்ற சிறு பள்ளத்துக்குள் போய் நின்றது. அதன் கண்ணெதிரே அடுக்குப் பாறை. வேறொரு கோளின் படிவுப் பாறையை அவ்வளவு அருகில் பார்த்தது அதுவே முதல் முறை. பாறையில் சல்பேட் உப்புகள் மிகுதியாக இருந்தன. அமில நீர் இருந்தால்தான் உருவாகும் ஜரோசைட் என்ற கனிமமும் இருந்தது. பாறைக்குள்ளும் தரையிலும் சில மில்லிமீட்டர் அளவுள்ள, ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடால் ஆன உருண்டைகள் சிதறிக் கிடந்தன.

ரோவர் குழு சொன்ன விளக்கம் இது: உப்பு கலந்த மணலைக் காற்று குன்றுகளாகக் குவித்தது, அடியிலிருந்து நிலத்தடி நீர் ஏறி இறங்கியது, குன்றுகளுக்கு இடையிலான பள்ளங்களில் அவ்வப்போது ஆழமற்ற நீர் தேங்கியது. அதாவது பெரும்பகுதி அடுக்குகளைப் போட்டது காற்று. நனைத்து இறுக்கியது நீர்.

2005இல் 'நேச்சர்' இதழில் இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. எரிமலை வெடிப்பில் சீறிப் பாயும் சாம்பலே இவற்றைப் போட்டிருக்கும் என்றது ஒன்று. விண்கல் மோதலின் சீற்றம் என்றது மற்றொன்று. இரண்டும் அலட்சியமாகத் தள்ளக்கூடியவை அல்ல. சீற்றப் படிவிலும் சாய்கோடுகள் உண்டு. சிறு உருண்டைகளும் உண்டு.

நான் ரோவர் குழுவின் பக்கமே நிற்கிறேன், காரணம் ஹேமடைட் உருண்டைகள். மோதலில் காற்றில் உருண்டு திரண்ட உருண்டைகளாக இருந்தால் சில அடுக்குகளில் குவிந்தும் சிலவற்றில் இல்லாமலும் இருந்திருக்கும். இவையோ அடுக்கைப் பொருட்படுத்தாமல் பாறை முழுவதும் ஏறக்குறைய சம இடைவெளியில் பரவியிருந்தன. பாறை இறுகிய பிறகு உள்ளே ஊறிய நீரில் வளர்ந்த கட்டிகள் அப்படித்தான் பரவும். பிற்பாடு எண்டியூரன்ஸ், விக்டோரியா ஆகிய பெரிய பள்ளங்களின் சுவர்களில் உயரமான மணற்குன்றுச் சாய்கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன.

ஒரு பள்ளத்தின் நடுவே ஐந்து கிலோமீட்டர் உயர மலை எப்படி வந்தது?

எல்லோரும் கேட்கும் கேள்வி. கேல் பள்ளம் 154 கிலோமீட்டர் அகலம். அதன் நடுவே ஷார்ப் மலை, தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரம், அடிமுதல் அடுக்குகள். 2012 ஆகஸ்டில் க்யூரியாசிட்டியை அங்கே இறக்கியதே இந்த மலையை அடியிலிருந்து படித்துக்கொண்டு ஏறத்தான்.

மோதல் பள்ளத்தின் நடுவில் சிறு மேடு எழும்புவது இயல்பு. ஆனால் இது அந்த வகை மேடு என்று சொல்ல முடியாத அளவு பெரியது. மேலும் அடுக்குகளால் ஆனது. இதற்கு இரண்டு கருத்துகள் நெடுநாளாக மோதிக்கொண்டிருந்தன. ஒன்று, பள்ளம் முழுவதும் விளிம்புவரை படிவுகளால் நிரம்பியது. பிறகு காற்று சுற்றுப்புறத்தை அரித்து எடுத்துவிட, நடுப்பகுதி மட்டும் மிஞ்சியது. இரண்டாவது, 2013இல் எட்வின் கைட்டும் சகாக்களும் முன்வைத்தது: பள்ளத்தின் சுவர்களிலிருந்து இரவில் கீழ்நோக்கி வீசும் பலத்த காற்று விளிம்பை ஒட்டிய பகுதியில் எதையும் தங்கவிடாது; அதனால் தூசியும் மணலும் நடுவிலேயே படிந்து மேடாக வளர்ந்தன; பள்ளம் ஒருபோதும் நிரம்பவே இல்லை.

க்யூரியாசிட்டி கண்டது என்ன? மலையின் அடியில் மர்ரே என்று பெயரிட்ட படிவு. மில்லிமீட்டர் தடிமனான மெல்லிய வரிகளைக் கொண்ட சேற்றுப்பாறை, நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன். ஏரியின் அமைதியான அடியில்தான் அவ்வளவு நைசான சேறு அப்படி வரிவரியாக இறங்கும். ஏரி நிற்க வேண்டுமானால் அங்கே தாழ்வான இடம் இருந்திருக்க வேண்டும். ஆகவே மலையின் அடிப்பகுதி உருவான காலத்தில் அந்த இடம் மேடாக இருக்கவில்லை. வடக்குச் சுவரிலிருந்து வந்த ஓடைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. இந்த அளவில் இரண்டாவது கருத்து அடிப்பகுதிக்குப் பொருந்தாது.

ஆனால் முதல் கருத்தும் முழுமையாகத் தப்பவில்லை. 2019இல் கெவின் லூயிஸ் தலைமையிலான குழு ஓர் அருமையான வேலையைச் செய்தது. ரோவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறிய அதில் முடுக்கமானிகள் இருக்கின்றன. ரோவர் அசையாமல் நிற்கும்போது அவை கோளின் ஈர்ப்பை அளக்கின்றன. மலை ஏறஏற அந்த அளவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, காலடியில் இருக்கும் பாறையின் அடர்த்தியைக் கணக்கிட்டார்கள். கன மீட்டருக்குச் சுமார் 1,680 கிலோகிராம். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. பாறைக்குள் நிறைய வெற்றிடம் இருக்கிறது. மேலே ஐந்து கிலோமீட்டர் படிவு அமர்ந்து அழுத்தியிருந்தால் அந்த வெற்றிடம் நசுங்கிப் போயிருக்கும். ஒன்று இரண்டு கிலோமீட்டர் சுமைதான் மேலே இருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பள்ளம் விளிம்புவரை நிரம்பியது என்ற படம் இதோடு ஒத்துப்போகவில்லை.

இரண்டு கருத்துகளையும் போட்டியாகப் பார்த்ததே தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே ஏரி, ஆறு. மேலே போகப்போகக் காற்று. இரண்டும் ஒரே மலையில் வெவ்வேறு காலத்தில் வேலை செய்திருக்கின்றன. ஸ்டிம்சன் என்ற மணற்கல் இதற்கு நல்ல சான்று. மர்ரே சேற்றுப்பாறை இறுகி, பிறகு அரிக்கப்பட்டு, அந்த அரிமானப் பரப்பின்மேல் ஸ்டிம்சன் குன்றுகள் படிந்திருக்கின்றன. இரண்டும் தொடும் கோட்டில் விரல் வைத்தால், ஈரமான காலம் ஒன்று முடிந்து, நெடுங்காலம் கழித்து வறண்ட காலம் ஒன்று வந்ததைத் தொட்டதாகப் பொருள்.

கேல் பள்ளத்தின் ஏரி எவ்வளவு காலம் நின்றது?

2015இல் க்யூரியாசிட்டி குழு தந்த மதிப்பீடு, விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முதல் பத்து லட்சக்கணக்கான ஆண்டுகள் வரை. மிக அகலமான வரம்புதான். சேறு எவ்வளவு வேகமாகப் படிந்தது என்பதைப் பூமியின் ஏரிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருப்பதே காரணம்.

ஜெசீரோ பள்ளத்தில் இருப்பது டெல்டா என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

ஆறு ஏரிக்குள் நுழையும் இடத்தில் மூன்று வகை அடுக்குகள் சேர்ந்து உருவாகும். அடியில் ஏரித் தரையில் கிடையாகப் படிந்த நைசான அடுக்கு. அதன்மேல் ஆற்று மணல் ஏரிக்குள் சரிந்து விழுந்ததால் உண்டான சாய்ந்த அடுக்குகள். உச்சியில் ஆறு ஓடிய மட்டத்தில் மீண்டும் கிடையான அடுக்கு. இந்த மூன்றும் ஒரே சுவரில் வரிசையாகத் தெரிந்தால் டெல்டா என்பதில் சந்தேகம் இல்லை.

2021 பிப்ரவரியில் 45 கிலோமீட்டர் அகலமுள்ள ஜெசீரோ பள்ளத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ரோவர், கோடியாக் என்று பெயரிட்ட தனிக் குன்றைத் தொலைவிலிருந்து படமெடுத்தது. மூன்று அடுக்குகளும் பாடப்புத்தகப் படம்போல அதில் தெரிந்தன. சாய்ந்த அடுக்கு முடிந்து கிடை அடுக்கு தொடங்கும் உயரமே அன்றைய ஏரியின் நீர்மட்டம். சற்று மேலே உள்ள படிவுகளில் ஒரு மீட்டருக்கும் பெரிய கற்கள் கிடந்தன. அமைதியான ஆறு அவற்றை அசைக்காது. டெல்டாவின் பிற்காலத்தில் பெருவெள்ளங்கள் பாய்ந்திருக்கின்றன என்பதற்கு அவை சாட்சி.

சில இடங்களில் அடுக்குகள் அளந்து வைத்ததுபோல ஒரே தடிமனாக இருக்கின்றனவே?

செவ்வாயின் அரேபியா டெரா என்ற பகுதியில் உள்ள பெக்கரல் பள்ளம் இதற்குப் பேர்போனது. கெவின் லூயிஸ் குழு 2008இல் ஹைரைஸ் படங்களை இரட்டைக் கோணத்தில் எடுத்து அளந்தது. ஒவ்வோர் அடுக்கும் சராசரியாக 3.6 மீட்டர், பத்துப் பத்து அடுக்குகள் சேர்ந்து ஒரு கட்டு. இந்தப் பத்துக்கு ஒன்று என்ற விகிதம் எங்கிருந்து வருகிறது?

செவ்வாயின் அச்சு இப்போது சுமார் 25 பாகை சாய்ந்திருக்கிறது. ஆனால் அது நிலையாக இருப்பதில்லை. பூமியைச் சந்திரன் பிடித்து வைத்திருப்பதால் நம் அச்சு 22 முதல் 24.5 பாகைக்குள் மட்டும் ஆடுகிறது. செவ்வாய்க்கு அப்படி ஒரு பெரிய துணைக்கோள் இல்லை. கடந்த சில பத்து லட்சம் ஆண்டுகளில் மட்டும் அதன் அச்சு பத்து இருபது பாகைக்கு மேல் ஆடியிருக்கிறது. அந்த ஆட்டத்துக்குச் சுமார் 1,20,000 ஆண்டு கொண்ட ஒரு சுற்று உண்டு. ஆட்டத்தின் வீச்சு கூடிக் குறைவதற்குச் சுமார் 12 லட்சம் ஆண்டு கொண்ட இன்னொரு சுற்று உண்டு. ஒன்றுக்குப் பத்து. சாய்வு மாறினால் வெயில் விழும் இடம் மாறும், காற்று மாறும், தூசி படியும் வேகம் மாறும். பெக்கரலின் அடுக்குகளில் பதிவாகியிருப்பது இந்த ஆட்டம்தான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆற்று வெள்ளம் இவ்வளவு ஒழுங்காக அளந்து போடாது. மேலிருந்து விழுந்த தூசி, கொஞ்சம் ஈரத்தால் இறுகியது என்பதே இங்கே பொருத்தமாக இருக்கிறது.

இன்றைக்கும் அங்கே அடுக்குகள் உருவாகின்றனவா?

உருவாகின்றன. வடதுருவத்தில் சுமார் 1,000 கிலோமீட்டர் அகலத்துக்குப் பனிக்கட்டியும் தூசியும் மாறிமாறிப் படிந்த மேடு இருக்கிறது, தடிமன் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி தூய நீர்ப்பனி. தூசி கூடுதலான காலங்கள் கருமையான வரிகளாகத் தெரிகின்றன. கேல் பள்ளத்தின் சேற்றுப்பாறையோடு ஒப்பிட்டால் இது மிக இளையது. மணற்குன்றுகளும் இன்று நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஷார்ப் மலை அடிவாரத்தில் க்யூரியாசிட்டியே அவற்றின் அருகே நின்று படமெடுத்திருக்கிறது.

தளர்ந்த மணலும் சேறும் பாறையானது எப்படி?

மேலே சேர்ந்த படிவுகளின் சுமை கொஞ்சம் நெருக்கியது. முக்கிய வேலையைச் செய்தது நிலத்தடி நீர். அதில் கரைந்திருந்த சல்பேட்டும் சிலிக்காவும் இரும்பு ஆக்சைடும் துகள்களுக்கு இடையே படிந்து ஒட்டுச்சாந்தாகின. பாறை விரிசல்களில் வெள்ளை வெள்ளையாக ஓடும் கால்சியம் சல்பேட் நரம்புகள் கேல் பள்ளம் முழுவதும் தெரிகின்றன. இவை ஏரி வற்றி, பாறை இறுகி, விரிசல் விட்ட பிறகு வந்தவை. 2025இல் க்யூரியாசிட்டி எட்டிய பகுதியில், விரிசல்களில் கனிமம் படிந்து கடினமாகி, சுற்றிலும் இருந்த பாறை அரிந்துபோக, வலைப்பின்னல் போன்ற மேடுகள் மிஞ்சியிருக்கின்றன. மேற்பரப்பு வறண்ட பிறகும் நிலத்துக்கு அடியில் நீர் நெடுங்காலம் நடமாடியது என்பதை இவை சொல்கின்றன.

இந்தப் பாறைகளின் வயதை எப்படிச் சொல்கிறார்கள்?

பொதுவாக மோதல் பள்ளங்களை எண்ணித்தான். நிலம் பழையதானால் தழும்புகள் அதிகம். ஆனால் 2013இல் ஒரு புதுமை நடந்தது. க்யூரியாசிட்டி, கம்பர்லாண்டு என்ற சேற்றுப்பாறையில் துளையிட்டு எடுத்த பொடியைத் தன் வயிற்றுக்குள்ளிருக்கும் ஆய்வகத்தில் சூடாக்கி, பொட்டாசியம் சிதைந்து எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும் பொட்டாசியம் ஆர்கான் முறையில் வயது கண்டது: சுமார் 421 கோடி ஆண்டுகள், பிழை வரம்பு 35 கோடி. வேறொரு கோளின் தரையிலேயே நின்று பாறையின் வயதை அளந்தது அதுவே முதல் முறை. இதைப் படிக்கும்போது கவனம் வேண்டும். அது சேறு படிந்த காலம் அல்ல. சேறாக அரைபட்ட மூலப்பாறை உறைந்த காலம்.

அதே பொடி இன்னொரு வயதையும் தந்தது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் பாறையில் விட்டுச் செல்லும் வாயுக்களை அளந்து, அந்தப் பாறை மேற்பரப்புக்கு வந்து சுமார் 7.8 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்று கணக்கிட்டார்கள். மேலே இருந்த அடுக்கைக் காற்று சுரண்டி எடுத்தது அப்போதுதான். காற்று அடுக்குகளைப் போடுவது மட்டும் அல்லாமல், பழைய அடுக்குகளை நமக்குத் திறந்து காட்டுவதும் அதுதான்.

பூமியில் இவ்வளவு பழைய சேற்றுப்பாறை கிடைக்குமா?

இந்த நிலையில் கிடைப்பது அரிது. பூமியின் மேலோடு தட்டுகளாக நகர்கிறது. பழைய படிவுகள் புதைந்து, வெந்து, மடங்கி, உருமாறிவிடுகின்றன. 370 கோடி ஆண்டுப் பூமிப் பாறைகளில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன; அவையும் உருத்தெரியாமல் மாறியவை. செவ்வாயில் தட்டு நகர்வு நடக்கவில்லை. அதனால் அலைத்தடம் போட்ட அடுக்கு கிட்டத்தட்டப் போட்டபடியே கிடக்கிறது. உயிர் தோன்றிய காலத்தில் ஒரு கோளின் தரை எப்படி இருந்தது என்று அறிய, நம் சொந்தக் கோளைவிடச் செவ்வாய் நல்ல ஆவணக்காப்பகம்.

அடுக்குகளில் உயிரின் தடம் கிடைத்துவிட்டதா?

கிடைக்கவில்லை. கரிமச் சேர்மங்கள் கிடைத்திருக்கின்றன. அவை உயிர் இல்லாமலும் உருவாகும். ஜெசீரோவுக்கு நீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கின் சேற்றுப்பாறையில் 2024இல் பெர்சிவரன்ஸ் கண்ட, சிறுத்தைத் தோல் போன்ற புள்ளிகள் இப்போதைக்கு மிகவும் ஆர்வத்தைத் தூண்டுபவை. இரும்பு, பாஸ்பேட், கந்தகக் கனிமங்கள் அங்கே சேர்ந்திருக்கும் விதம் பூமியில் நுண்ணுயிர்கள் விட்டுச் செல்வதை ஒத்திருக்கிறது. உயிரற்ற வேதிவினையும் காரணமாக இருக்கலாம். மாதிரியைப் பூமிக்குக் கொண்டுவந்து பார்க்காமல் தீர்ப்பு எழுதுவது சரியல்ல.

ரோவர் படங்களை நானே பார்க்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

நாசா படங்களைப் பொதுமக்களுக்குத் திறந்தே வைத்திருக்கிறது. பார்க்காமல் இருப்பது நம் இழப்பு. முதலில் அளவைக் கண்டுபிடியுங்கள். அளவு தெரியாமல் பார்த்தால் விரற்கடை உயர நெளிவும் வீட்டளவு குன்றும் ஒன்றாகவே தெரியும். அடுத்து, வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பாருங்கள். மாலை வெயிலில் காற்று செதுக்கிய கீறல்கள்கூட அடுக்குபோலத் தோன்றும். உண்மையான அடுக்கு பாறையைச் சுற்றி அடுத்த முகத்திலும் தொடரும். கீறல் ஒரு முகத்தோடு நின்றுவிடும். கடைசியாக, நிறத்தை நம்பாதீர்கள். மேலே படிந்த துரு நிறத் தூசி எல்லாவற்றையும் ஒன்றுபோலக் காட்டும். 2013இல் க்யூரியாசிட்டி முதன்முதலாகத் துளையிட்டபோது சிவப்புப் பாறைக்குள்ளிருந்து சாம்பல் நிறப் பொடி வந்தது.

இன்னும் தீராமல் இருப்பது எது?

ஷார்ப் மலையின் மேற்பாதி. சுற்றுப்பாதைக் கருவிகள் கீழே களிமண் கனிமங்களையும், அதன்மேல் சல்பேட் உப்புகளையும், அதற்கும் மேலே நீரின் வேதித்தடம் மிகக் குறைந்த, தூசியால் ஆனது போன்ற அடுக்குகளையும் காட்டுகின்றன. களிமண்ணிலிருந்து சல்பேட்டுக்கு மாறும் எல்லையை க்யூரியாசிட்டி கடந்துவிட்டது. அங்கே ஒரே பாய்ச்சலில் ஈரம் போய் வறட்சி வரவில்லை. வறண்ட மணற்குன்றுப் படிவுகளுக்கு நடுவே திடீரென்று அலைத்தடம் பதிந்த ஏரி அடுக்கு ஒன்று தலைகாட்டியது. 2025இல் வெளியான ஆய்வு அதே பகுதியில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட் கணிசமாக இருப்பதையும் காட்டியது. பழைய அடர்ந்த காற்றின் கரியமில வாயு எங்கே போனது என்ற நெடுநாள் தேடலுக்கு அது ஒரு துப்பு. சல்பேட் உப்புகள் அதைச் சுற்றுப்பாதைக் கருவிகளின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டிருக்கலாம் என்கிறார்கள். அப்படியானால், மேலிருந்து பார்த்துச் 'சல்பேட்' என்று வரைபடத்தில் குறித்துவைத்த மற்ற இடங்களிலும் கார்பனேட் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இடங்களில் பெரும்பாலானவற்றில் இதுவரை எந்த ரோவரும் இறங்கவில்லை.